குட்டைச்சியின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி

அன்று அந்தப் புள்ளியை அவர் ஏன் வைத்தார்?

ஐந்து வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. பதில் தெரியாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது முடியாது. இந்த மாதக் கடைசிக்குள் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். எழுதுவது சரியா என்றும் தெரியவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. என் கணவர் பத்திரிகையில் இந்தப் பெண்கள் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாத ஒருவரைப் பெயர் சொல்லிப் பேசுவது முறையல்ல. அவர் வேலை பார்த்த ரயில் ஷெட்டில் எல்லாரும் அவரை அண்ணன் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அப்போது நாங்கள் ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே பின்னறையில் அண்ணன். தனி ஆள். என் கணவர் அக்கரையில், பிறை ரயில் ஷெட்டில் பயர்மேன். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. அண்ணன் அதே ஷெட்டில் பாய்லர் பிட்டர். காலையில் இருவரும் ஒரே படகில் போவார்கள்.

பாய்லரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொல்ல முடியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான். எஞ்சினில் நெருப்பு எரிவது ஒரு பெட்டிக்குள். அந்தப் பெட்டியைச் சுற்றி வெளித்தகடு. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். தண்ணீர் கொதித்து நீராவியாகி நெருக்கும்போது இரண்டு தகடும் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க, நூற்றுக்கணக்கான ஆணிகள் குறுக்கே பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் விரல் தடிமன்தான். ஒன்று உடைந்தால் பக்கத்தில் இருப்பது அதன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கும். அதுவும் உடைந்தால் அடுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் நெருப்பு வாசல் வழியாக உள்ளே ஊர்ந்து போய், ஒவ்வோர் ஆணித் தலையிலும் சின்னச் சுத்தியால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல ஆணி கணீரென்று பேசும். உடைந்த ஆணி பலகையைத் தட்டினாற்போல் மந்தமாகப் பேசும்.

அதுதான் அவர் வேலை. உடைந்த ஆணிக்குச் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. அவற்றை மாற்றி, எல்லாம் சரியாக இருந்தால், வெளியே வந்து நெருப்பு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார். காகிதத்தில் கையெழுத்துப் போடுவது துரை. ஆனால் எஞ்சினில் ஏறுகிற டிரைவர்கள் காகிதத்தைக் கேட்க மாட்டார்கள், புள்ளியைத் தேடுவார்கள் என்று என் கணவர் சொல்வார்.

தட்டுகிற பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் மாடிப்படியை ஒவ்வொரு பலகையாகத் தட்டிவிட்டுப் போவார். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தம் கேட்டு யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்து ஓடிப் போய்த் திறந்திருக்கிறேன். கடையில் தண்ணீர் ஜாடி வாங்கினால் அவர் தட்டிப் பார்த்த பிறகுதான் அது மாடிக்கு ஏறும். ஒரு நாள் என்னுடைய குவாலியை, அந்த இரும்பு வாணலியை, எடுத்து விளிம்பில் தட்டினார். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். பிறகு, ஷெட்டிலிருந்து கழித்துப்போட்ட பழைய எஞ்சின் ஒன்றைச் சீன வார்ப்புப் பட்டறைக்காரர்கள் உடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள், அந்த இரும்பாக இருந்தாலும் இருக்கும் என்றார். "நாப்பது வண்டி இழுத்த உடம்பு தங்கச்சி. இப்ப உனக்கு மீன் பொரிக்குது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்று மீன் இறங்கவில்லை.

அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. தட்டாமச் சொல்ல மாட்டேன். எதைக் கேட்டாலும் இதுதான். மழை வருமா, மார்க்கெட்டில் அந்த ஆளை நம்பலாமா, இந்த மருந்து கேட்குமா, எல்லாவற்றுக்கும். அது வெறும் பேச்சில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்ல அவருக்கு வாய் வராது. என் மூத்த மகள் ரோசம்மா வயிற்றில் இருந்தபோது, மாதம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் அதிகமாகிக்கொண்டே போனது. ஒரு நாள் படியில் அவரைப் பார்த்து, எல்லாம் நல்லபடியாக நடக்கும் இல்லையா அண்ணே என்று கேட்டுவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் நடக்கும் தாயி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் நின்று யோசித்தார். "எனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? தட்டிப் பாக்கிற சாமானா அது?" என்றார்.

மேலே போய் அழுதேன். என் கணவருக்குச் சிரிப்பு. அண்ணன்கிட்டப் போய் ஆறுதல் கேட்டியா, அவர்கிட்டச் சுத்திதானே இருக்கு என்றார்.

ஆனால் தட்டிப் பார்த்துச் சொன்னது ஒன்றும் பொய்யானதில்லை. ரோசம்மா பிறந்த பிறகு தொட்டில் கட்ட உத்தரத்தில் ஒரு பழைய கொக்கி இருந்தது. வீட்டுக்காரச் செட்டியார் அதில் மூட்டை தொங்கவிடுவாராம், அவ்வளவு உறுதி என்றார்கள். அண்ணன் முக்காலி போட்டு ஏறித் தட்டினார். இறங்கி, இதில் குழந்தையைக் கட்டாதே என்றார். ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. சத்தம் சரியில்லை, அவ்வளவுதான். தொட்டிலை வேறு இடத்தில் கட்டினோம். கொக்கியில் நான் வெங்காயக் கூடையை மாட்டினேன். மூன்றாம் வாரம், பட்டப்பகலில், கொக்கி கூடையோடு கீழே வந்தது. வெங்காயம் அறை முழுவதும் ஓடியது. ஒரு வெங்காயம் ரோசம்மாவின் பாயில் போய் நின்றது. நான் அதை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றிலிருந்து அவர் சுத்திக்கு நான் அடிமை என்றே சொல்லலாம்.

எனக்கு எழுத்து வரும் என்பதால் அவர் என்னிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒரு நோட்டுப் புத்தகம். அவர் சொல்ல நான் எழுத வேண்டும். அதில் எஞ்சின்களைப் பற்றித்தான் எல்லாம். ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு பக்கம். கப்பலில் துண்டு துண்டாக வந்து எப்போது பூட்டப்பட்டது, முதலில் எந்த வண்டியை இழுத்தது, எப்போது எத்தனை ஆணி மாற்றியது. ஒவ்வொரு தடவை தட்டி முடித்த பிறகும் மாதத்தைச் சொல்லி, "தட்டியாச்சு" என்று எழுதச் சொல்வார்.

எழுத எழுத எனக்கு ஒன்று புரிந்தது. எல்லா எஞ்சினுக்கும் ஒரே கதைதான். வந்த புதிதில் மெயில் வண்டி, பித்தளையெல்லாம் பளபளக்கும், பெரிய மனிதர்கள் ஏறுவார்கள். கொஞ்ச வருடத்தில் இன்னும் பெரிய எஞ்சின் வரும். இது சரக்கு வண்டிக்குப் போகும். பிறகு யார்டில் பெட்டி தள்ளும். அதற்கும் முடியாதபோது விற்றுவிடுவார்கள். ஒன்று ஈயச் சுரங்கத்துக்குப் போய்த் தண்ணீர் இறைத்தது. ஒன்றின் பாய்லரை மட்டும் கழற்றி அக்கரையில் ஓர் அரிசி ஆலைக்காரர் வாங்கிக்கொண்டார். ஒன்றை மரத்தொழிலுக்குக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். அது சேற்றில் இறங்கியதோடு சரி, எடுக்கவில்லை, அதன் புகைபோக்கிக்குள் இப்போது செடி முளைத்திருக்கிறது என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். போய்ப் பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, இவர் சுத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடாமல், அந்த ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போவார். ஆலைக்காரர் விரட்டினால் வெளியே நின்று பாய்லர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவார். எதற்கு இந்தப் பாடு, விற்றுவிட்டால் போனது போனதுதானே என்றேன்.

"நான் புள்ளி வச்சது தங்கச்சி. வித்துட்டாங்கன்னா புள்ளி அழிஞ்சு போகுமா?"

அவர் பயப்படுகிறவர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அவர் தைரியசாலி என்று நினைத்திருந்தேன்.

குட்டைச்சி அந்த நோட்டில் முதல் பக்கம். எல்லாவற்றிலும் பழையது. உயரம் குறைந்த, தண்ணீர்த் தொட்டியைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்ட சின்ன எஞ்சின். அதனால் அந்தப் பெயர். அப்போது யார்டில் பெட்டி தள்ளிக்கொண்டிருந்தது. ரோசம்மாவுக்கு ஐந்து மாதம் ஆனபோது என் கணவரைக் குட்டைச்சிக்கு மாற்றினார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து ஏற வேண்டும்.

ஷெட்டில் ஆயுத பூஜை பெரிய விசேஷம். குடும்பங்களெல்லாம் படகில் அக்கரைக்குப் போவார்கள். எஞ்சின்களைக் கழுவி மாலை போட்டு வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். நாங்கள் வேதக்காரர்கள். போகலாமா என்று பங்குச் சாமியாரைக் கேட்க நினைத்தேன். வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று, கேட்காமலே போனேன். கேட்காமல் விடுவது என்னுடைய பழக்கம். இதைப் படிக்கிறவர்கள் அதைக் கவனித்திருப்பீர்கள், அல்லது இனிமேல் கவனிப்பீர்கள்.

என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எனக்குக் குட்டைச்சியைக் காட்டினார். முந்தின நாள் பாய்லரைக் கழுவியிருந்தார்கள். கழுவுவதற்குக் கழற்றிய பித்தளை அடைப்புத் திருகுகளை ஒரு பலகையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. பாய்லரின் அடியில் திருகு இருந்த துளையிலிருந்து இன்னும் ஒன்றிரண்டு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. என் சேலைக் கரையில் துரு நீர் பட்டது. அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டது நினைவிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் என் நினைவு தப்பாது. அந்தச் சேலையில் கறை இன்றும் போகவில்லை.

ஆயுத பூஜையன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது. எல்லாக் கருவியும் சாமி முன்னால் வாழை இலையில் படுத்திருந்தது. அண்ணனின் சுத்தியும் ஒரு பொட்டோடு அங்கே இருந்தது. அவர் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு, கையில் ஒன்றும் இல்லாமல் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல இருந்தார்.

எனக்கு அன்று காலையிலிருந்தே பயம். நோட்டில் குட்டைச்சியின் பக்கத்தை எழுதியவள் நான்தானே. நான்கு மாதத்துக்கு முன் இரண்டு ஆணி மாற்றியது என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அவரிடம் போய், நாளையிலிருந்து இதில்தான் போகிறார், ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே என்றேன்.

தட்டாமல் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியாதா என்றார்.

"அப்பத் தட்டிச் சொல்லுங்க."

சத்தமாகச் சொல்லிவிட்டேன். நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். என் கணவருக்கு வெட்கமாகிவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த ரோசம்மாவைப் பார்த்தார். பிறகு நேராகச் சாமி முன்னால் போய், இலையிலிருந்து சுத்தியை எடுத்தார்.

டிரைவர் ஒருவர், "என்னண்ணே, அம்பாளே ஆயுதத்தைக் கீழ வச்சிட்டா. உங்களால ஒரு நாள் வைக்க முடியலியா?" என்றார். இன்னொருவர், விடுலா, அவரு பொண்டாட்டியே அந்தச் சுத்திதான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் அந்த வெள்ளை வேட்டியோடு நெருப்பு வாசலுக்குள் தலையை விட்டு, தோளைக் குறுக்கி, உள்ளே போய்விட்டார்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கணீர், கணீர், கணீர். வரிசையாக. எனக்கு ஒவ்வொரு தட்டும் நெஞ்சில் விழுந்தது. ஒன்றுகூட மந்தமாகக் கேட்கவில்லை. சிரித்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். வெளியே வந்தபோது வேட்டியெல்லாம் கரி, விபூதி கலைந்திருந்தது. மடியிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து வாசலுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தார்.

"போகட்டும் தங்கச்சி" என்றார்.

அவ்வளவுதான். திரும்புகிற படகில் நான் நிம்மதியாக இருந்தேன். பல மாதத்தில் அப்படி இருந்ததில்லை. என் கணவரிடம் நானே வலியப் பேசிச் சிரித்தேன்.

என் கணவர் குட்டைச்சியில் சில மாதம் வேலை பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவரைச் சரக்கு வண்டிக்கு மாற்றினார்கள். குட்டைச்சியை விற்பதற்காக யார்டின் கோடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

அதற்குச் சில நாள் கழித்து, முன்னே சொன்ன அரிசி ஆலையிலிருந்து ஓர் ஆள் சந்துக்கு வந்தான். முன்பு விரட்டிய அதே ஆலைதான். இப்போது வாங்கின பாய்லருக்கு யாரோ சான்று கேட்டிருக்கிறார்கள். சீனப் பெருநாளுக்கு ஆலை மூடியிருக்கும், பாய்லரைக் காலி பண்ணி ஆற வைத்திருப்போம், வந்து தட்டிப் பார்த்துப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்றான். நான் ரோசம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தேன். அண்ணன் முடியாது என்றார். எத்தனை ஞாயிறு அந்தப் பாய்லரைப் பார்க்கத் தவம் கிடந்தவர், வாசலுக்கு வந்து கூப்பிடும்போது முடியாது என்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அந்த ஆள் போன பிறகு கேட்டேன்.

அறைக்குள் போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தார். அவிழ்த்தால் ஓர் ஆணி, நடுவில் உடைந்து இரண்டு துண்டாக. உடைந்த முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி, வாசற்கல்லில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையில் தட்டினார். முழு ஆணியின் சத்தம். பிறகு இரண்டையும் ஒரு நூல் இடைவெளிக்கு விலக்கித் தட்டினார். மந்தமாக விழுந்தது.

"காலிப் பாய்லர்ல இது இப்படி ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், நல்ல ஆணி மாதிரியே பேசும். தண்ணி ஏத்தி, அழுத்தம் குடுத்தாத்தான் ரெண்டும் விலகும். அப்பத்தான் நெசம் வெளிய வரும். காலியாத் தட்டுறது தட்டுறதே இல்ல தங்கச்சி."

எனக்குப் பலகையில் வரிசையாக இருந்த திருகுகள் கண்முன் வந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு. துளையிலிருந்து விழுந்த சொட்டு. என் சேலைக் கறை.

அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து துணியை முடிந்துகொண்டிருந்தார். முடிந்த பிறகும் நிமிரவில்லை. அப்போது கேட்டிருக்க வேண்டும். பூஜையன்று குட்டைச்சி காலியாகத்தானே அண்ணே இருந்தது என்று ஒரு வரி. வாயைத் திறந்தேன். சோறு வடிக்கணும் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

ஏன் கேட்கவில்லை? என் கணவர்தான் வேறு எஞ்சினுக்குப் போய்விட்டாரே, ஆபத்து தீர்ந்ததே என்று நினைத்தேன். அவரைப் பொய்யர் என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல் ஆகிவிடும் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை. ஆனால் முதல் உண்மை, பதிலுக்குப் பயந்தேன்.

அந்த வருடமே அவர் ஊருக்குக் கப்பலேறினார். போவதற்கு முந்திய மாதங்களில் ஒன்று கவனித்தேன். காலையில் படியைத் தட்டும்போது மற்றக் கையைப் பலகைமேல் விரித்து வைத்துக்கொள்வார். நான் மேலேயிருந்து கூப்பிட்டால் சில நேரம் திரும்ப மாட்டார். பாய்லருக்குள் வேலை பார்க்கிறவர்களுக்குக் காது போய்விடும் என்று பிறகு சொன்னார்கள். எப்போது போக ஆரம்பித்தது? பூஜைக்கு முன்பா, பின்பா? அதுவும் எனக்குத் தெரியாது.

நோட்டை என்னிடமே கொடுத்தார். நீ எழுதினது, நீயே வச்சுக்க என்றார். அவர் போன பிறகு பிரித்தால் நடுவில் அந்தத் துணி முடிச்சு. இரண்டு துண்டு ஆணி. மறந்து வைத்தாரா, எனக்காக வைத்தாரா? அது எந்த எஞ்சினின் ஆணி என்றும் நான் கேட்டதில்லை. குட்டைச்சியில் மாற்றிய இரண்டில் ஒன்றாகவும் இருக்கலாம்.

குட்டைச்சியின் பக்கத்தைப் பார்த்தேன். பூஜை மாதத்துக்கு நேராக ஒன்றும் இல்லை. "தட்டியாச்சு" என்று எழுதச் சொல்லவே இல்லை. அதை நான் அன்று கவனிக்கவும் இல்லை. அப்படியென்றால் அந்தத் தட்டு அவர் கணக்கிலேயே சேரவில்லையா? ஆனால் அந்தச் சமயத்தில் மற்ற எஞ்சின்களின் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயிருக்கிறது. சோர்ந்துபோயிருக்கலாம். பூஜைக்கு நான்கு மாதத்துக்கு முன் அழுத்தம் கொடுத்துத் தட்டி, குட்டைச்சி நல்ல நிலையில்தான் இருக்கிறாள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கலாம். தெரிந்த ஒன்றை என் மனசுக்காக இன்னொரு தடவை தட்டிக் காட்டியிருக்கலாம். ஒரு நாள் இப்படித் தோன்றும், மறுநாள் வேறு மாதிரி. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் எல்லார் முன்னாலும் கெஞ்சினால், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அவரும் மற்றவர்களைப்போல ஆறுதல் சொல்லிவிட்டாரோ? அப்படியென்றால் அந்தப் புள்ளியை அவர் கையால் வைக்க வைத்தவள் நான்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன்.

ஆட்குறைப்பில் என் கணவருக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. ரோசம்மாவுக்குப் பின் ஒரு பையன், கைக்குழந்தை. எங்களைப் போலிருந்த இரண்டு குடும்பங்கள் போன மாதம் ஊருக்கே கப்பலேறிவிட்டன. என் கணவர் மூன்று வயதில் இங்கே வந்தவர். அங்கே இறங்கினால் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

போன வாரம் மத்தியானம் அவர் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தார். அக்கரையில், புக்கிட் மெர்டாஜாம் பக்கத்தில் ஒரு கல் குவாரி. பாறையை ஆற்றங்கரைக்கு இழுக்க ஒரு பழைய எஞ்சின் வைத்திருக்கிறார்கள். டிரைவர் வேண்டுமாம். எஞ்சினைப் பழகினவராக இருந்தால் நல்லது என்றார்களாம்.

"எது தெரியுமா? நம்ம குட்டைச்சி. இன்னும் ஓடுறா. என்னை டிரைவராவே எடுத்துக்கிறாங்க."

பதினொரு வருடம் கரி அள்ளியவர். டிரைவர் என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான், ரொம்பப் பழைய எஞ்சினாச்சே என்று மட்டும் சொன்னேன்.

"அண்ணன் புள்ளி வச்ச எஞ்சின். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம். நீதானே கேட்டு வாங்கினே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. காலிப் பாய்லரைத் தட்டுவது தட்டுவதே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அவர் வேலை நெருப்பைப் பார்ப்பது. ஆணியைப் பார்ப்பது அல்ல. தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்துத் தட்டிப் பார்த்தார்களா என்று குவாரியில் கேட்கச் சொன்னேன். நான் சொன்னேனே என்று கேட்டும் பார்த்தார். இஷ்டமிருந்தால் ஏறு, இல்லாவிட்டால் வாசலில் ஆள் நிற்கிறது என்று மேனேஜர் சொன்னாராம். அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அந்தப் புள்ளி இருக்கும்போது உனக்கு என்ன பயம் என்றார்.

அண்ணனின் ஊர் விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். போன வருடம் போட்ட முதல் கடிதத்தில் நலம் விசாரித்ததோடு சரி, கேள்வியை எழுத மனம் வரவில்லை. போன வாரம் போட்ட இரண்டாவதில் எழுதிவிட்டேன். முதலாவதற்கே பதில் இல்லை. இதற்கு வந்தாலும் இந்த மாதத்துக்குள் வராது.

என் கணவர் இரண்டு நாளாக ரோசம்மாவுக்கு அந்தப் பூஜைக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெள்ளை வேட்டி, சுத்தி, புள்ளி, எல்லாம். அவள் சிலேட்டுக்கு வைத்திருந்த கட்டியை எடுத்து வீடு முழுவதும் புள்ளி வைத்துவிட்டாள். கதவில், அரிசிப் பெட்டியில், தம்பியின் தொட்டிலில். எல்லாம் நல்லா இருக்கும்மா என்கிறாள். நான் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு ஈரத்துணியால் துடைக்கிறேன். தொட்டிலில் இருந்ததைத் துடைக்கும்போது கை நின்றுவிட்டது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பாய்லர் காலியாக இருந்தது என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஒருவேளை அவர் போக மாட்டார். அப்புறம் கப்பல்தான். அல்லது போவார், ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டுக்கொண்டு ஓட்டுவார். பயந்த டிரைவர் எஞ்சினைவிட ஆபத்து என்று அவரே சொல்லியிருக்கிறார். அண்ணனைப் பற்றி அவர் மனதில் இருப்பதும் போய்விடும். சொல்லாவிட்டால், குட்டைச்சி நல்லவளாக இருந்தால், ஒன்றும் இல்லை. நல்லவளாக இல்லாவிட்டால், தெரிந்துகொண்டே அனுப்பியவள் நான்.

காலையில் அவர் வெளியே போன பிறகு அந்த முடிச்சை அவிழ்த்து, இரண்டு துண்டையும் பொருத்தி, வாசற்கல்லில் வைத்துத் தட்டிப் பார்க்கிறேன். அண்ணன் பிடித்ததுபோல எனக்குப் பிடிக்க வரவில்லை. ஒரு தடவை கணீரென்கிறது. ஒரு தடவை இல்லை.

பாய்லர் வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒன்று சொல்லுங்கள். தட்டாமல் சொல்ல மாட்டேன் என்று வாழ்ந்த ஒரு மனிதர், தமக்கு முன்பே உறுதியாகத் தெரிந்திருந்தால் அல்லாமல், காலிப் பாய்லரில் புள்ளி வைப்பாரா? மற்றவர்கள், முக்கியமாக என்னைப்போல் சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள், இதை மட்டும் சொன்னால் போதும். நான் என் கணவரிடம் சொல்லலாமா, கூடாதா? பத்திரிகைக்கு எழுதினால் என் கைக்கு வந்துவிடும். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். முதல் தேதி காலைப் படகில் போகிறார்.